பள்ளிச் சாப்பாட்டில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி: டர்பன் கணக்குப்பிள்ளை ஒருத்தியின் குறிப்புகள்

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, 2001இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா வந்தவள் நான். டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கம் வீடு. ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளியில் 2018 முதல் 2024 வரை, இரண்டு தவணை, நிர்வாகக் குழுவின் பொருளாளராக இருந்தேன். அங்கே நான் பார்த்த வேலைகளில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றியது. இந்தியாவிலிருந்து இங்கே வந்து சேர்கிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன. அவர்களில் சிலர் பள்ளிக் குழுக்களில் சேர்ந்துவிட்டு, “சாப்பாட்டுக்கு வருகிற பணத்தைக் குறைக்கப் போகிறார்களாமே, நாங்கள் என்ன செய்வது” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நானே சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். எம்.ஜி.ஆர். 1982இல் ஆரம்பித்த திட்டம், நான் பள்ளியில் சேர்ந்தபோது அதற்கு நாலைந்து வயது. அலுமினியத் தட்டு, குண்டரிசிச் சோறு, அண்டாவில் சாம்பார். எங்களில் விவரம் தெரிந்த பிள்ளைகள் வரிசையில் கடைசியில் போய் நிற்போம். பருப்பு அடியில்தான் தங்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஒருநாள் கடைசியில் நின்றும் தட்டில் மஞ்சள் தண்ணீர்தான் விழுந்தது. அன்றைக்குப் பருப்பு குறைந்திருக்கிறது என்று எட்டு வயதில் எனக்குப் புரிந்தது. கலெக்டர் ஆபீஸுக்குப் புரிந்ததா, தெரியவில்லை. இன்றைக்கும் எந்தப் பள்ளிச் சமையலறைக்குப் போனாலும் முதலில் பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் இது யார் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிச் சாப்பாட்டை மண்டேலா ஆட்சிக்கு வந்த 1994ஆம் வருஷமே ஆரம்பித்தார்கள். அப்போது ஆரம்பப் பள்ளிகளுக்கு மட்டும். சுகாதாரத் துறையிடம் இருந்தது 2004இல் கல்வித் துறைக்கு வந்தது. 2009இலிருந்து படிப்படியாக உயர்நிலைப் பள்ளிகளுக்கும் போனது. இன்றைக்கு 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பணம் மத்திய அரசின் கருவூலத்திலிருந்து மாகாணங்களுக்கு நிபந்தனை மானியமாக வருகிறது. நிபந்தனை என்றால், சாப்பாட்டுக்கு என்று வந்த பணத்தைச் சாப்பாட்டுக்குத்தான் செலவு செய்ய வேண்டும். அதை எடுத்து ரோடு போட முடியாது. வருஷா வருஷம் நிறைவேறுகிற வருவாய்ப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் இந்த நிபந்தனைகள் எழுத்தில் வெளியாகும். கருவூலத்தின் வலைத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நம் பள்ளிக்குச் சம்பந்தப்பட்ட சில பக்கங்களை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அதை மேஜைமேல் எடுத்து வைத்தாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பணம் வருகிற வழி மாகாணத்துக்கு மாகாணம் வேறு. சில இடங்களில் நேராகப் பள்ளிக் கணக்குக்கே வரும். எங்கள் குவாசுலு-நட்டாலில் மாகாணம் சப்ளையர்களை அமர்த்திப் பொருளாக அனுப்புகிறது. உங்கள் பள்ளி எந்த வகை என்று தெரியாமல் எவரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

இப்போது வெட்டு. பேப்பரில் “உணவு மானியம் குறைப்பு” என்று கொட்டை எழுத்தில் வரும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பிள்ளைகளின் சோற்றைக் குறைக்கிறேன் என்று எந்த அமைச்சரும் மைக்கில் சொல்லமாட்டார். தொகை போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடித்தான் இருக்கும். விலைவாசி அதைத் தாண்டிப் போயிருக்கும். 2023 மார்ச்சில் இந்த நாட்டில் உணவுப் பொருள் விலை முந்தைய வருஷத்தைவிட 14 சதவீதம் ஏறியிருந்தது, 14 வருஷத்தில் இல்லாத ஏற்றம். ஒரு தட்டுக்கு 4 ரேண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியம் 5 சதவீதம் கூடினால் 4.20. விலை 14 சதவீதம் ஏறினால் தேவை 4.56. தட்டுக்கு 36 சென்ட் பள்ளம். எங்கள் பள்ளியில் 640 பிள்ளைகள். ஒரு நாளைக்கு 230 ரேண்ட் 40 சென்ட். 200 பள்ளி நாளுக்கு 46,080 ரேண்ட். இதைத்தான் நான் வெட்டு என்று சொல்கிறேன். 36 சென்ட் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 46,080 என்றால் பேனாவை எடுப்பார்கள்.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குவது. நீளமான, கெட்டி அட்டை போட்ட கணக்கு நோட்டு. கம்ப்யூட்டரில் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். சமையலறைச் சன்னலோரம் கிடக்கிற நோட்டில்தான் உண்மை ஏறும். தேதி, அன்றைக்கு வந்திருந்த பிள்ளைகள், மெனுவில் போட்டிருந்தது என்ன, உண்மையில் சமைத்தது என்ன, எத்தனை மணிக்குப் பரிமாறினார்கள், மீந்ததா பற்றாமல் போனதா, இவ்வளவுதான் பத்திகள். மணியை விட்டுவிடாதீர்கள். பத்து மணிக்குள் பிள்ளைகள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளைக்குப் பதினொன்றரைக்குப் போடுகிற சாப்பாட்டை அரைச் சாப்பாடு என்றுதான் கணக்கு வைக்க வேண்டும்.

எங்கள் சமையற்காரம்மா ஒரு சூலுப் பாட்டி. கோகோ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், ஆயா என்று நாம் சொல்வதுபோல. அவருக்கு எழுதப் பிடிக்காது. அவர் சொல்லச் சொல்ல ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள். சாம்பும் (உடைத்த மக்காச்சோளம்) பீன்ஸும் போடவேண்டிய நாளில் பீன்ஸ் பாதிதான் இருந்தால், “இன்றைக்கு சாம்ப் தனியாக அழுதது” என்பார். நான் அதை “பீன்ஸ் பற்றாக்குறை, ஏறக்குறைய பாதி” என்று திருத்தி எழுதச் சொல்வேன். இப்போது நினைத்தால் கோகோ சொன்னதையே எழுதவிட்டிருக்கலாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மாதாமாதம் வண்டி வரும், டிரைவர் அவசரப்படுவார், அலுவலகத்தில் யாராவது டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். “எண்ணிக்கை சரியாக இருக்கிறதே, பன்னிரண்டு பை பீன்ஸ், பன்னிரண்டும் இருக்கிறது” என்பார்கள். ஹார்டுவேர் கடையில் ஆணி வாங்குகிறவனுக்குக்கூட எடை போட்டுத்தான் கொடுக்கிறோம். ஒரு மாதம் எங்கள் கோயில் மடப்பள்ளியிலிருந்து தராசைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். 10 கிலோ என்று அச்சடித்த பை 9.1 காட்டியது. அடுத்தது 9.2. பிறகு 9.0. டிரைவர் தராசு பழசு என்றார். அவர் கையிலிருந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்தேன். சரியாக 2 கிலோவும் பாட்டில் எடையும். பன்னிரண்டு பைக்கும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்குமேல் குறைவு. எங்களுக்கு ஒருநாள் தேவையில் அது பாதி. டெலிவரி நோட்டில் நிஜ எடையை எழுதி, அதன்கீழ்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டின் நகல்தான் பிறகு எல்லாக் கடிதத்துக்கும் முதல் இணைப்பு ஆனது. அடுத்த மாதம் பைகள் 10 கிலோ இருந்தன. தராசுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், மேலே பணத்துக்குப் போராடும்போது, “கொடுத்த பணத்தையே கீழே தின்கிறார்கள், கூடக் கொடுத்து என்ன பிரயோசனம்” என்பார்கள். வெட்டுவதற்கு அதைவிட வசதியான சாக்கு கிடையாது. உங்கள் பள்ளியின் கணக்கு சுத்தமாக இருந்தால்தான் அந்த வாயை அடைக்க முடியும்.

2023 ஏப்ரலில் இந்த மாகாணத்தில் நடந்தது ஊரறிந்த கதை. பல சின்னச் சப்ளையர்கள் செய்த வேலையை ஒரே நிறுவனத்திடம் கொடுத்தார்கள். இரண்டாம் பருவம் திறந்தபோது 5,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் சாப்பாடு வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது. சில வாரத்தில் பழைய சப்ளையர்களையே திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. பட்ஜெட்டில் ஒரு சென்ட் குறைக்காமலே பிள்ளைகளின் தட்டு காலியாகலாம் என்று அப்போது பார்த்தோம். அந்த நாட்களில் எங்களுக்கு உதவியது பக்கத்துப் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழு. காலை பத்தரைக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு வரி போடும்: “இன்று வந்தது / வரவில்லை, இத்தனை பிள்ளைகள்.” படம் ஒன்று, காலி ஸ்டோர் ரூமோ மூடிக்கிடக்கிற அடுப்போ. பிள்ளைகளின் முகம் படத்தில் விழக்கூடாது என்று ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். பசித்த பிள்ளையின் முகத்தைக் காட்டிக் காரியம் சாதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே பள்ளிக்கு வரவேண்டுமே.

கோயிலைப் பற்றிக் கேட்பீர்கள். ஆமாம், எங்கள் கோயிலில் சமைத்துக் கொடுத்தோம். இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம்; அண்டாவும் ஆளும் எப்போதும் தயார். ஒன்பது நாள், சாதமும் பருப்பும் பூசணிக்காயும். என் மாமியார் தொண்டர்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். அவருடைய கொள்ளுப்பாட்டி கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலி. அரிசி என்று பேசி அழைத்துவந்து மக்காச்சோள மாவைக் கொடுத்தார்களாம். மாமியார் வாயில் ரேஷன் என்ற சொல் இன்றும் கோபத்தோடுதான் வரும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பத்தாம் நாள், “உங்கள் பகுதியில் சமூகமே பார்த்துக்கொள்கிறது, நல்ல விஷயம்” என்று ஓர் அதிகாரி போனில் சொன்னார். அவர் பாராட்டத்தான் சொன்னார், எனக்குத்தான் பகீரென்றது. அன்றைக்கே நோட்டில் முந்தைய ஒன்பது நாளுக்கும் சிவப்பு மசியில் எழுதினோம்: “அரசு உணவு: இல்லை. கோயில் உணவு: 640.” தானம் செய்யுங்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அரசாங்கம் போடாத நாளின் கணக்கில் கோயில் சோற்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

இனி, எழுதிய கணக்கை எங்கே, எப்போது கொண்டுபோவது. இந்த நாட்டின் நிதியாண்டு ஏப்ரல் 1க்குத் தொடங்குகிறது. நிதியமைச்சர் பட்ஜெட் வைப்பது வழக்கமாகப் பிப்ரவரியில். வருவாய்ப் பகிர்வு மசோதாவும் அதோடு வரும். மார்ச்சில் மாகாண பட்ஜெட். அக்டோபர் அல்லது நவம்பரில் இடைக்கால நிதிக்கொள்கை அறிக்கை. அடுத்த மூன்று வருஷத்துக்கு எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்ற திசை அந்த அறிக்கையிலேயே தெரிந்துவிடும். நம் ஆட்கள் பிப்ரவரியில் பதறுவார்கள். அதற்குள் அரசாங்கத்தில் மாவு பிசைந்து உருட்டி முடித்திருப்பார்கள். அக்டோபரிலேயே எழுதுங்கள்.

எழுத வேண்டியது நாடாளுமன்றத்தின் ஒதுக்கீட்டுக் குழுக்களுக்கு. மசோதா வந்ததும் பொதுமக்கள் கருத்து கேட்டு அறிவிப்புப் போடுவார்கள். கால அவகாசம் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே கடிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் நிரப்புங்கள். மாகாண அளவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிற சட்டமன்றத்தின் கல்விக் குழுவுக்கும் ஒரு நகல். “இதெல்லாம் கண்துடைப்பு, முடிவு எப்போதோ எடுத்தாயிற்று” என்று என் கணவர் சொல்வார். 2009இலிருந்து பட்ஜெட்டைத் திருத்தவே நாடாளுமன்றத்துக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. 2025இல் என்ன ஆனது என்று பாருங்கள். பிப்ரவரி 19 அன்று வைக்கவேண்டிய பட்ஜெட், வாட் வரியைக் கூட்டும் யோசனைக்குக் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்து தள்ளிப்போனது. மார்ச் 12 அன்று வைத்தார்கள். வரி உயர்வை ஏப்ரலில் கைவிட்டார்கள். மே 21 அன்று திருத்திய பட்ஜெட்டை வைத்தார்கள், அது மூன்றாவது வடிவம். அவ்வளவு பெரிய பட்ஜெட்டே இப்படி மாறும்போது நம் ஒரு வரி மாறாதா என்று கேட்டேன். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

நான் எழுதிய முதல் கடிதம் நாலு பக்கம். காந்தி வந்தார், காமராஜர் வந்தார், என் அலுமினியத் தட்டும் வந்தது. பதிலே இல்லை. அடுத்த வருஷம் ஒரே பக்கம்: நாங்கள் யார், எத்தனை பிள்ளைகள், போன வருஷம் எத்தனை நாள் முழு மெனு கிடைத்தது, எத்தனை நாள் கிடைக்கவில்லை, விலையேற்றத்தால் தட்டுக்கு எத்தனை சென்ட் பள்ளம், எங்கள் கோரிக்கை என்ன. கோரிக்கை ஒன்றே ஒன்று: உணவு விலையேற்றத்துக்குக் குறையாமல் மானியம் ஏற வேண்டும். பத்துக் கோரிக்கை வைத்தால் அவர்களுக்கு எளிதானதைச் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு, அட்டவணையைத் தனியாக அனுப்ப முடியுமா என்று போன் வந்தது. விலைக்கு ஆதாரம் வேண்டுமென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொருளாதார நீதி மற்றும் கண்ணியக் குழு மாதாமாதம் 44 உணவுப் பொருட்களின் விலையைக் கடைகளில் எடுத்து வெளியிடுகிறது. டர்பன் விலை தனியாகவே இருக்கும்.

கடிதம் ஆங்கிலத்திலோ சூலுவிலோ போகட்டும். இங்கே அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது, வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக. ஆட்சிமொழிப் பட்டியலில் இல்லை. ஆகவே மதிப்பார்கள், படிக்கமாட்டார்கள்.

அரசியல் சட்டம் என்றதும் ஒரு நுணுக்கம். எல்லாரும் 27ஆம் பிரிவைக் காட்டுவார்கள்: போதிய உணவும் தண்ணீரும் பெற எல்லாருக்கும் உரிமை. ஆனால் அதன் அடுத்த உட்பிரிவிலேயே, இருக்கிற வளத்துக்குள், படிப்படியாக என்று இருக்கிறது. “பணம் இல்லை” என்று சொல்ல அங்கே வாசல் திறந்திருக்கிறது. 28(1)(c) பிள்ளைகளைப் பற்றியது. அடிப்படை ஊட்டச்சத்துக்கான உரிமை. அதில் அந்தப் படிப்படி பேச்சே இல்லை. கடிதத்தில் 28ஐ முதலில் எழுதுங்கள்.

இது வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிகளை மூடியபோது சாப்பாடும் நின்றது. ஜூனில் சில வகுப்புகளை மட்டும் திறந்தார்கள்; வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. ஈக்வல் எஜுகேஷன் என்ற அமைப்பும் லிம்போப்போ மாகாணத்தின் இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்களும் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஜூலை 17 அன்று தீர்ப்பு: பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் தகுதியுள்ள எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு போட வேண்டும், எப்படிப் போடுகிறோம் என்று 15 நாளுக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். இதில் என்னைக் கவர்ந்தது அந்த இரண்டு நிர்வாகக் குழுக்கள்தான். நம்மைப் போலப் பெற்றோர் உட்காருகிற குழு, தீர்மானம் போட்டுப் போயிருக்கிறது. அப்படி ஒரு தேவை வந்தால் செக்ஷன்27 போன்ற சட்ட அமைப்புகளை அணுகலாம். அவர்கள் முதலில் கேட்பது ஆதாரத்தை. உங்களிடம்தான் நோட்டு இருக்குமே.

கேட்ட தகவலைத் தர மறுத்தால் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது, 2000ஆம் வருஷத்தது. படிவம் 2. முப்பது நாளில் பதில் வரவேண்டும். உங்கள் பள்ளியின் சப்ளையர் ஒப்பந்தம், மாவட்டத்துக்கு வந்த தொகை, இரண்டையும் கேட்கலாம். மிரட்டலாகக் கேட்காதீர்கள். படிவத்தை வாங்குகிற பெண்ணுக்கும் அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கலாம்.

குவின்டைல் சங்கதி ஒன்று பாக்கி. அரசாங்கம் பள்ளிகளை ஏழ்மையானதிலிருந்து வசதியானது வரை ஐந்து தட்டாகப் பிரிக்கிறது, அதற்குத்தான் குவின்டைல் என்று பெயர். முதல் மூன்றும் கட்டணமில்லாப் பள்ளிகள், சாப்பாடு முக்கியமாக அவற்றுக்குத்தான். தட்டைத் தீர்மானிப்பது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலை, படிப்பு. உள்ளே படிக்கிற பிள்ளையின் நிலைமை கணக்கில் இல்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழ்கிற சாட்ஸ்வர்த்தில், ஃபீனிக்ஸில் சுற்றிலும் ஓட்டு வீடும் காரும் இருக்கும்; பிள்ளைகளில் பாதிப்பேர் தகரக் கொட்டகையிலிருந்து நடந்து வருவார்கள். அந்தப் பள்ளி நாலாவது தட்டு. அப்படி மாட்டிக்கொண்டிருந்தால் மறுவகைப்படுத்தக் கேட்டு மாகாணத்துக்கு மனுப் போடலாம். பெற்றோரின் வேலை நிலையை வகுப்புவாரியாக எண்ணி இணையுங்கள், பெயர் இல்லாமல். என் தங்கை முறையுள்ள ஒருத்தி அவள் பள்ளிக்கு மனுப் போட்டு இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். ஒவ்வொரு பருவமும் புது எண்ணிக்கையோடு ஒரு கடிதம் போடு என்று சொல்லியிருக்கிறேன், போடுகிறாள்.

கடைசியாக, நோட்டை ஸ்டோர் ரூமில் வைக்காதீர்கள். எங்கள் முதல் நோட்டில் மார்ச் மாதத்தை எலி தின்றுவிட்டது. மாவு ஒட்டியிருந்த பக்கமாகப் பார்த்துத் தின்றிருந்தது. இப்போது கோகோ அதை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்துப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பிவிடுவாள் ஏழாம் வகுப்புப் பெண். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, வேறு பள்ளி. ஆனாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துவிட்டுத்தான் போகிறாள்.